தோளைத் திருப்புவதற்கு முன்

கழுத்தில் புது விசில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, என்னைப் பார்க்கும்போதெல்லாம் உங்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "சார், மைதானத்துல எதையும் சமாளிச்சிருவோம். பரீட்சையில 'கீழ்க்கண்ட நிகழ்வைப் பகுத்தாய்ந்து எழுதுக'ன்னு ஒண்ணு போடுறாகளே, அதுதான் காலை வாருது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

எனக்குத் தெரிந்தது குறைவு. நான் மைதானத்தில் ஓடி ஓடிக் கற்றுக்கொண்டவன். புத்தகத்தைப் பிற்பாடுதான் பிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு வழி கண்டுபிடித்த ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றிச் சொல்கிறேன். அதில் உங்களுக்கு வேண்டியது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாரீஸ்வரி டீச்சர். அருப்புக்கோட்டையில் நான் கடைசியாக விளையாட்டு வாத்தியாராக வேலை பார்த்த பள்ளியில் எனக்கு உதவியாகத் தற்காலிகமாகச் சேர்ந்தவர். சொந்த ஊர் திருச்சுழிப் பக்கம். மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பம். வாக்கப்பட்டது பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டின் மேல் மளிகைக்கடை வைத்திருக்கும் வீட்டில். சின்ன வயதில் பெரிய கோ-கோ ஆட்டக்காரி. அவர் வந்த பிறகுதான் எங்கள் பெண்பிள்ளைகள் அணி என்று ஒன்று உருப்பட்டது. விடிந்ததும் ஸ்கூட்டியில் வந்து சுண்ணாம்பு போட்டுக் கோடு கிழிப்பார். பிள்ளைகளுக்கு முன்னால் அவரே ஒரு சுற்று ஓடி, கரிசலில் எங்கே வெடிப்பு விட்டிருக்கிறது, எங்கே முள் கிடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவர்களை இறக்குவார். எங்கள் மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓயாமல் ஓடும். அந்தச் சத்தத்தையும் மீறி அவருடைய குரல் கேட்கும்.

ஒரே ஒரு குறை. உடற்கல்விப் பட்டப்படிப்பில் ஒரு தாள் பாக்கி. படிப்பு முடிந்ததும் கல்யாணம், அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள், அந்த ஒரு தாள் அப்படியே நின்றுபோனது. இடையில் ஒரு தடவை எழுதிப் பார்த்து அதுவும் போய்விட்டது. நான் ஓய்வு பெறவிருந்த வருடம், பழைய மாணவர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புத் தருகிறோம் என்று பல்கலைக்கழகத்தில் அறிவித்தார்கள். எங்கள் பள்ளிச் செயலர் நல்ல மனிதர்தான். கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "சார், நீங்க போனதுக்குப் பெறகு அந்தம்மாவே இருக்கட்டும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா பட்டம் இல்லாம நான் எப்படி வச்சுக்கிட முடியும்? ஜூன் மாசம் கையில சர்டிபிகேட் இருந்தா அவுக. இல்லேன்னா வேற ஆளுதான்."

ஆக, அந்த ஒரு தாளில்தான் மாரீஸ்வரி டீச்சரின் வேலை, அந்தப் பெண்பிள்ளைகளின் அணி எல்லாமே தொங்கியது. அந்தத் தாளில் மற்றக் கேள்விகள் எல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. தேறாமல் போனது அந்தப் பகுத்தாய்வுக் கேள்வியில்தான். கட்டாயக் கேள்வி, விட்டுவிட்டு ஓட முடியாது.

ஒருநாள் பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து, விளையாட்டுச் சாமான் அறையில் உட்கார்ந்து எழுதச் சொன்னேன். கேள்வி அவருடைய ஆட்டத்திலேயே வந்திருந்தது. பதினாறு வயதுக் கோ-கோ ஆட்டக்காரி ஒருத்தி முதல் இன்னிங்ஸில் நன்றாகத் துரத்துகிறாள், இரண்டாவதில் வேகம் குறைந்துபோகிறாள். பயிற்சிக்கு முன் போதிய உணவு உண்கிறாள், உடல் எடை சீராக இருக்கிறது, பயிற்சியில் குறுகிய ஓட்டங்கள் மட்டுமே தரப்படுகின்றன என்று இப்படி ஏழெட்டுத் தகவல்கள். காரணங்களைப் பகுத்தாய்ந்து, பயிற்சியைத் திருத்தி அமைக்க வேண்டும்.

சல்லுச்சல்லென்று எழுதினார். பேனா நிற்கவே இல்லை. பக்கம் பக்கமாக எழுதி முடித்து, முகமெல்லாம் சிரிப்பாக நீட்டினார். வாசித்தேன். வயிற்றுப் பசி எப்படிக் காலைக் கட்டும், காலை உணவைத் தவிர்க்கும் கிராமத்துப் பிள்ளைகளின் நிலை என்ன, பயிற்சியாளர் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் ஏன் கையில் வைத்திருக்க வேண்டும் என்று அத்தனை அருமையாக எழுதியிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மார்க்குத்தான் வராது.

"நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா கேள்வியில எங்க இருக்கு இந்தப் பிள்ளை கஞ்சி குடிக்கலைன்னு?"

"அது எப்படி சார் இருக்கும்? குடிக்கலைல்ல!"

"ஏம்மா, போதிய உணவு உண்கிறாள்னு அச்சடிச்சுல்ல வச்சிருக்கான்."

வாங்கிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "அட ஆமா. நான் அதைப் பாக்கவே இல்ல சார். மொத வரியைப் படிச்ச உடனே இது நம்ம பேச்சின்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு மிச்சத்தைப் படிக்கணும்?"

பேச்சி யார் என்று சொல்லிவிடுகிறேன். பேச்சியம்மாள், பதினொன்றாம் வகுப்பு, எங்கள் அணியிலேயே கெட்டிக்காரத் துரத்தல்காரி. பெயர்தான் பேச்சியே தவிர வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசிக் கேட்டவர் கிடையாது. திருச்சுழிக்கும் உள்ளே தள்ளி ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். சாயங்காலப் பயிற்சி ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸ் முழுக்கப் பறப்பாள். இரண்டாவதில் காற்றுப் போன டியூப் மாதிரி ஆகிவிடுவாள். வேடிக்கை என்னவென்றால், வெளியூர் போட்டிக்கு அழைத்துக்கொண்டு போனால் கடைசி நிமிஷம் வரைக்கும் வேகம் குறையாது. 'அங்க நாம மத்தியானம் வயிறு நிறைய வாங்கிக் குடுக்கோம்ல, அதான்' என்பது டீச்சருடைய தீர்ப்பு. அணியில் எல்லோரும் அதையே சொன்னார்கள். அதனால் தினமும் மாமியார் கடையிலிருந்து இரண்டு வாழைப்பழம் பேச்சிக்கென்று வரும். பேச்சி அதையும் சந்தோஷமாகத் தின்றுவிட்டு, இரண்டாவது இன்னிங்ஸில் மெதுவாகத்தான் ஓடுவாள்.

மாமியார் என்னிடமே ஒருதரம் கேட்டுவிட்டார். பந்தல்குடியில் அவருடைய கடையில் சோடா குடிக்க நின்றபோது, "ஏன் வாத்தியாரே, எங்க வீட்டு மருமக பரீட்சைக்குப் படிக்கிறான்னாக. தார் தாரா வாழைப்பழந்தான் போகுது. அதுதான் பாடமா?" என்றார். பக்கத்தில் லாரியை நிறுத்திவிட்டு நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, "கடையை நான் பாத்துக்கிடுதேன், புள்ளைகளையும் பாத்துக்கிடுதேன். அவ பாஸாயிருவாளா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். குடித்த சோடாவுக்குக் காசை வைத்துவிட்டு நான் கிளம்பினேன்.

நம் தொழில்காரர்கள் மட்டுமே செய்கிற தப்பு இது, கவனியுங்கள். கணக்கு வாத்தியாருக்குக் கேள்வித்தாளில் வருகிற 'ராமு'வைத் தெரியாது. அவர் கணக்கை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார். நமக்கு அப்படி இல்லை. 'ஒரு வீராங்கனை' என்று படித்ததும் நம் பிள்ளை ஒருத்தி வந்து கண்முன்னே நின்றுவிடுகிறாள். அப்புறம் பேனா அவளைப் பற்றித்தான் எழுதும். பாசம்தான் காரணம். ஆனால் திருத்துகிறவருக்கு அது, பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொன்ன கதை.

எனக்கு இளம் வயதில் பயிற்சியாளராக ஒரு பெரியவர் வாய்த்தார். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஒரு போட்டியில் உயரம் தாண்டின பையன் குச்சியைத் தட்டிவிட்டான். பக்கத்தில் நின்ற எங்கள் மூன்று பேரிடமும், "என்னப்பா பாத்தீக?" என்று கேட்டார். 'ஓட்டம் பத்தலை' என்றான் ஒருவன். 'பயந்துட்டான்' என்றான் இன்னொருவன். 'உயரமே கம்மி, இவனுக்கு எதுக்கு இந்த வேலை' என்றேன் நான். அவர் எங்களைப் பார்த்து, "காரணம் கேக்கலப்பா. என்ன பாத்தீகன்னுதான் கேட்டேன்" என்றார். தட்டியது காலா, இடுப்பா, கையா? மூன்று பேருக்கும் தெரியவில்லை. மூன்று பேரிடமும் காரணம் மட்டும் தயாராக இருந்தது.

இந்தக் கதையை மாரீஸ்வரி டீச்சருக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "புரியுது சார்" என்றார். அடுத்த கேள்விக்கும் அதே தப்பைச் செய்தார். கேள்வியில் வந்தவன் வாலிபால் பையன். இவர் எழுதியது தன் கொழுந்தனாரைப் பற்றி. புரிவது வேறு, கைக்கு வருவது வேறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது என் பேச்சுக்கும் பொருந்தும்தானே. நான் சொல்லி அது அவருக்கு வரவில்லை. அவருக்கு அது வந்தது அவருடைய ஆட்டத்திலிருந்து.

கோ-கோ தெரியாதவர்கள் உங்களில் யாராவது இருந்தால், ஒரே ஒரு விதியை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். துரத்துகிறவள் ஒரு பக்கமாகத் திசை எடுத்துவிட்டால், அந்தக் கோடியில் நட்டிருக்கும் கம்பம் போய்ச் சேரும்வரை திரும்பக் கூடாது. பின்னால் எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் நின்று பல்லைக் காட்டினாலும் திரும்பக் கூடாது. ஓடுகிறவளுக்கு அந்தக் கட்டு இல்லை. அவள் எந்தப் பக்கமும் திரும்பலாம், நிற்கலாம், இடைவெளி பார்த்து நுழையலாம்.

அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பொடுசு துரத்திக்கொண்டிருந்தாள். டீச்சர் விசில் ஊதி ஃபவுல் கொடுத்தார். பொடுசு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

"டீச்சர், நான் திரும்பி ஒரு எட்டுக்கூட வைக்கல. அதுக்குள்ள எப்படி ஃபவுலு?"

"எட்டு வைக்க வேண்டாம்டி. தோளு அந்தப் பக்கம் திரும்பிருச்சுன்னாலே திசை எடுத்தாச்சுன்னு கணக்கு. அதுக்குப் பெறகு நீ இந்தப் பக்கம் வந்தா ஃபவுலுதான்."

"சும்மா பாக்கத்தான் டீச்சர் திரும்புனேன்."

"பாக்கணும்னா கண்ணைத் திருப்பு. தோளைத் திருப்பாத."

சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்தவர் ஊதவில்லை. அப்படியே நின்றார். பிள்ளைகள் எல்லாம், "டீச்சர், டைம் ஓடுது" என்று கத்துகின்றன. இவர் மைதானத்தை விட்டு இறங்கி வேப்பமரத்தடியில் இருந்த என்னிடம் வந்தார்.

"சார், நான் மொத வரியிலயே தோளைத் திருப்பிருதேன் சார்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா?"

"அந்தப் பரீட்சைக் கேள்வி சார். கஞ்சி குடிக்கலைன்னு மொத வரியில எழுதிட்டேனா, அப்புறம் கம்பம் வரைக்கும் அதே திசையிலதான் ஓடுதேன். நடுவுல போதிய உணவுன்னு ஒருத்தி என் பின்னாலயே நிக்கா. நான் திரும்பிப் பாக்கவே இல்ல. சின்ன வயசுலருந்து துரத்தித் துரத்திப் பழகுன ஒடம்பு சார் இது. திரும்பக் கூடாதுன்னே பழகிருச்சு." மூச்சு வாங்கியது அவருக்கு. "இது துரத்துறவ எழுதுற பரீட்சை இல்ல சார். ஓடுறவ எழுதுற பரீட்சை."

எத்தனையோ கருத்தரங்கில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். பகுத்தாய்வு என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதற்கப்புறம் அவர் பழகிய விதம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். கேள்வியைப் படித்து முடிக்கும்வரை பேனாவின் மூடியைத் திறக்கவே மாட்டார். திறந்ததும் கடைசிப் பக்கத்தில், கேள்வியில் என்னென்ன கொடுத்திருக்கிறது என்று மட்டும் எழுதிக்கொள்வார். ஏன், எதனால் என்ற பேச்சே கிடையாது. படிக்கும்போது மனசுக்குள் நம் பிள்ளை யாராவது வந்து நின்றால், அந்தப் பெயரையும் அங்கேயே எழுதி ஒரு கோடு போட்டு அடித்துவிடுவார். நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். 'பேச்சி' என்று எழுதுவார், அடிப்பார். "நீ செத்த வெளிய நில்லு தாயி" என்று அதனிடம் சொல்லவும் செய்வார். பிறகுதான் எந்தத் தகவல் எதோடு சேர்கிறது, எது எதற்கு முட்டுக்கட்டை போடுகிறது என்று பார்ப்பார். ஒரு காரணம் தோன்றினால், இதை இல்லை என்று சொல்லும் வரி ஏதாவது கேள்வியில் இருக்கிறதா என்று முதலில் தேடுவார். அப்படி எதுவும் இல்லையென்றால்தான் அது விடைத்தாளுக்குப் போகும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இவர் பதறாமல் இருக்கவே ஒரு பயிற்சி வைத்துக்கொண்டார்.

பரீட்சை மதுரையில். விடியக்காலைப் பஸ்ஸில் போனவர் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே மைதானத்துக்கு வந்தார். பை தோளிலேயே இருந்தது. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அலுவலகத்தில் இருந்த இரண்டு ஆசிரியர்களும் கூடவே வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்படிம்மா?" என்றேன்.

"அடிச்சுட்டேன் சார்."

"என்னத்தை?"

"எழுதுனதை."

நடந்தது இதுதான். கேள்வியில் வந்தவள் எண்ணூறு மீட்டர் ஓடும் பெண். சில வாரமாக அவளுடைய ஓட்ட நேரம் மோசமாகிக்கொண்டே வருகிறது. கீழே ஒரு அட்டவணை. நம் கரிசக்காட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இரத்தம் குறைவு என்பது மருத்துவ முகாம் வரும்போதெல்லாம் நாம் கேட்கிற சமாச்சாரம். டீச்சருக்கும் அதுதான் முதலில் தோன்றியிருக்கிறது. அத்தனை நாள் பழகியும், பரீட்சைக் கூடத்துப் படபடப்பில் கை பழைய பழக்கத்துக்கே போய்விட்டது. இரத்தசோகை, இரும்புச்சத்து, முருங்கைக்கீரை என்று ஒரு பக்கத்துக்கு மேல் ஓடிவிட்டார். அப்போதுதான் கண் அட்டவணையின் கடைசி வரியில் விழுந்திருக்கிறது. இரத்தப் பரிசோதனை: இயல்பு.

"ஐயோ, தோளு திரும்பிருச்சேன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு சார். மணியைப் பாத்தேன், நேரமும் கம்மி. பக்கத்துல எல்லாரும் அடிஷனல் ஷீட்டு வாங்குறாக. நான் எழுதுனதை அடிச்சா என் தாளு மெலிஞ்சு போயிரும். பெறகு நெனச்சேன், இது ஆட்டம் இல்ல, இங்க திரும்புனா ஃபவுலு குடுக்க ஆளு இல்ல. குறுக்க கோடு போட்டு மொத்தத்தையும் அடிச்சுட்டேன்."

தம்பிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நம் ஊரில் பரீட்சை எழுதின யாருக்கும் தெரியும், எழுதினதை அடிப்பது என்றால் என்னவென்று. ஏதோ ரெண்டு மார்க்காவது போடமாட்டானா என்றுதான் எல்லோரும் விட்டுவைப்போம். வேலை போகிற நிலையில், நேரம் கரைகிற நேரத்தில், நன்றாக எழுதின ஒரு பக்கத்தைக் குறுக்கே அடிக்க ஒரு நெஞ்சு வேண்டும். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை போகாது என்பார்கள். இவருக்குப் பேனா மூடியைத் திரும்பப் போடத் தோன்றியிருக்கிறது. மூடியைப் போட்டுவிட்டு அட்டவணையை மறுபடி முழுதாகப் படித்திருக்கிறார். காலையில் எழுந்ததும் எடுத்த நாடித்துடிப்பு வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. பயிற்சித் தூரமும் வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. ஓய்வு நாள் என்று ஒன்றுமே இல்லை. மூன்றையும் சேர்த்துப் பிடித்து, அளவுக்கு மீறிய பயிற்சி என்பதைத்தான் இந்தத் தகவல்கள் காட்டுகின்றன என்று எழுதி, எப்படிக் குறைப்பது, எங்கே ஓய்வு கொடுப்பது என்பதையும் சொல்லியிருக்கிறார்.

அதுவரை எனக்கும் சந்தோஷம்தான். கடைசியாக ஒன்று சொன்னார், அதுதான் இடித்தது.

"கடைசி வரியில, 'அவளது உறக்கம், மாதவிடாய், வீட்டுச் சூழல் பற்றிய தகவல்கள் கொடுக்கப்படவில்லை. அவளிடமே கேட்டறியாமல் காரணத்தை உறுதியாகக் கூற இயலாது'ன்னு எழுதிட்டு வந்துட்டேன் சார்."

பக்கத்தில் நின்ற கணக்கு வாத்தியார் தலையில் கையை வைத்தார். "ஏன் டீச்சர், கேள்வி எடுத்தவரையே குறை சொல்லிட்டு வந்திருக்கீகளே! பரீட்சையில போய் சொல்ல முடியாதுன்னு எவனாவது எழுதுவானா?"

"சொல்ல முடியாதே சார். அப்புறம் எப்படி முடியும்னு எழுத?"

அவர் எழுதியது நியாயம் என்று என் மனசுக்குத் தெரிந்தது. ஆனால் நியாயத்துக்கு எத்தனை மார்க் என்று தெரியவில்லை. திருத்துகிறவர் எந்த மனநிலையில் இருப்பாரோ. விழலுக்கு இறைத்த நீர் போல, அத்தனை பாடும் அந்த ஒரு வரியால் வீணாகிவிடுமோ என்று கவலையாகத்தான் இருந்தது.

முடிவு வர நாளானது. பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் காத்திருப்பில் ஒரு சாயங்காலம், வழக்கம்போல் இரண்டாவது இன்னிங்ஸில் பேச்சி சோர்ந்தாள். அணித்தலைவிப் பெண், "ஏ பேச்சி, ரெண்டு பழம் தின்னியே, எங்கடி போச்சு?" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தினார். பேச்சியின் பக்கத்தில் போய், கரிசல் மண்ணில் அவளுக்குச் சமமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் நாலடி தள்ளி நின்றேன்.

"பேச்சி, நான் ஒண்ணு கேக்கேன். ரெண்டாவது ஆட்டத்துல நீ எங்க பாக்குற?"

ஏன் மெதுவாக ஓடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை பாருங்கள். உயரம் தாண்டலில் அந்தப் பெரியவர் எங்களிடம் கேட்ட 'என்னப்பா பாத்தீக?'தான் இது. பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானா ஒரு காரணத்தைச் சொல்லி உனக்கு வாழைப்பழமாக் குடுத்துட்டு இருக்கேன். அது இல்லேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னன்னுதான் தெரியல. நீ சொன்னாத்தான் தெரியும்."

மண்ணை விரலால் கிளறிக்கொண்டே அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது. "பஸ்ஸு டீச்சர்."

"என்ன பஸ்ஸு?"

"எங்க ஊருக்குள்ள போற பஸ்ஸு. சாயங்காலம் அது ஒண்ணுதான். முக்குல திரும்பையில ஆரன் அடிப்பாக. அது கேட்டாத்தான் ஓடிப்போய் ஏற முடியும். விட்டா திருச்சுழியில இறங்கி, கருவேலங்காட்டு வழியா நடக்கணும். அதான் காதை அங்க வச்சுக்கிட்டே…"

விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஹாரனைப் பிடிக்க அந்தப் பிள்ளை தினமும் பாதி ஆட்டத்தைச் செலவழித்திருக்கிறாள். வெளியூர் போட்டியில் அவளை நாங்களே வண்டியில் கொண்டுபோய் வீட்டில் விடுவோம். அங்கே காதுக்கு வேலை இல்லை. கால் பறந்தது.

"இத்தனை நாளா ஏன்டி சொல்லல?"

"முன்னாடி படிச்ச பள்ளிக்கூடத்துல, பஸ்ஸுல வர்ற பிள்ளைக வேண்டாம்னு டீமை விட்டு எடுத்துட்டாக டீச்சர்." சொல்லிவிட்டு அவசரமாக, "பழம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியாத ஒரு முகம். "சார், பேப்பர்ல இருந்த பிள்ளைகிட்டக் கேக்க வழியில்லாம எழுதிட்டு வந்தேன். இவ என் கண்ணு முன்னாலயே இருந்தா. இவகிட்ட நான் கேக்கவே இல்லையே."

மறுநாளே பயிற்சி, பஸ் வருவதற்குள் முடியும்படி, அரைமணி நேரம் முன்னதாகத் தொடங்கியது. அன்றைக்கு நான் என் கவலையை விட்டுவிட்டேன். அந்தத் தாளில் என்ன மார்க் வந்தாலும் வரட்டும், இந்தத் தொழிலுக்கு என்ன தெரிய வேண்டுமோ அது இவருக்குத் தெரிந்துவிட்டது என்று பட்டது. மார்க்கும் வந்தது. தேறியது மட்டுமில்லை, நல்ல மதிப்பெண். அந்தக் கடைசி வரிக்கு எவ்வளவு விழுந்தது என்று நமக்குத் தெரியாது. கேட்டறியாமல் சொல்ல முடியாது. ஜூன் மாதம் விசிலை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்தேன். மாமியார் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாழைப்பழம் கொடுத்ததாகக் கேள்வி.

ஆடிக்காற்று புழுதி வாரிக்கொண்டிருந்த ஒரு நாள், எங்கள் பள்ளி மைதானத்திலேயே மண்டலப் போட்டி. இப்போது பார்வையாளனாகப் போய் வேப்பமரத்தடியில் நின்றேன். முந்தைய ஆட்டங்கள் இழுத்துக்கொண்டே போய், எங்கள் பிள்ளைகளின் இறுதி ஆட்டம் பொழுது சாயத்தான் தொடங்கியது. இரண்டாவது இன்னிங்ஸ். பேச்சி துரத்துகிறாள். இன்னும் ஒருத்தியைத் தொட்டால் ஜெயிப்பு.

அப்போது முக்கில் ஹாரன் கேட்டது.

அணி முழுவதும் பேச்சியைப் பார்த்தது. எனக்கே கண் சாலைப் பக்கம் போய்விட்டது. பேச்சி திரும்பவில்லை. அவள் கண் மட்டும் ஒரு கணம் எல்லைக்கோட்டுக்கு வந்து போனது. அங்கே மாரீஸ்வரி டீச்சர் நின்றுகொண்டிருந்தார். வாயில் விசில் இல்லை, கத்தவில்லை, காரணம் எதுவும் சொல்லவில்லை. தலைக்கு மேலே கையை உயர்த்தி, தன் ஸ்கூட்டிச் சாவியைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

பஸ் போய்விட்டது. பேச்சி கம்பத்தைப் பார்த்துப் பறந்தாள்.